‘எங்கள் வீட்டுப் பிள்ளை மாதிரி’



சென்ற ஞாயிறன்று திருவிருந்து ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது, ஆலயத்தின் பின்புறம் வேப்பமரத்தடியில் ஒரு பெண் நின்றிருந்தார். இடுப்பில் நம் சபைக் குடும்பம் ஒன்றின் ஒன்றரை வயதுக் குழந்தை. கையில் பால் புட்டி. “உள்ளே வரவில்லையா அம்மா?” என்று கேட்டேன். “பாப்பா சத்தம் போடும் ஐயா. வெளியிலேயே வெச்சுக்கச் சொன்னாங்க” என்றார். தொடர்ந்து பேசியதில், அவரும் திடப்படுத்தல் பெற்ற கிறிஸ்தவர் என்றும், தம் இரண்டு பிள்ளைகளை ஊரில் தாயிடம் விட்டுவிட்டு வந்திருக்கிறார் என்றும், சென்னைக்கு வந்த எட்டு மாதங்களில் ஒருமுறைகூடத் திருவிருந்தில் பங்குபெறவில்லை என்றும் அறிந்தேன். எட்டு மாதங்களும் ஞாயிறு தவறாமல் நம் வளாகத்துக்குள் வந்துகொண்டிருந்தவர் அவர். உங்கள் மேய்ப்பனாகிய நான் அதைக் கவனிக்கவில்லை.

எந்தக் குடும்பம் என்று தேட வேண்டாம். அந்த மரத்தடியில் அன்று மூன்று பேர் நின்றிருந்தார்கள்.

குழந்தைகள் காப்பகத்தில் விடுவதைவிட முழுநேர ஆயா ஒருவரை வீட்டிலேயே அமர்த்திக்கொள்வது நல்லது என்னும் எண்ணம் நம் சபையின் இளம் குடும்பங்களில் பரவிவருகிறது. அதன் காரணங்களை நான் அறியாதவன் அல்லன். கணவன் மனைவி இருவருக்கும் பழைய மகாபலிபுரம் சாலையில் வேலை; பெரியவர்கள் நாசரேத்திலோ மார்த்தாண்டத்திலோ. காய்ச்சல் கண்ட குழந்தையைக் காப்பகம் ஏற்காது. மாலை ஆறரைக்கு அது பூட்டிவிடும், உங்கள் கூட்டமோ ஏழரைக்கு முடியும். வீட்டில் ஆயா இருந்தால் குழந்தை தன் தொட்டிலில், தன் வேளையில் உறங்கும். இவை யாவும் உண்மை. “தாய் வேலையை விட்டுவிட்டால் தீர்ந்ததே” என்று உபதேசிப்பவர்களோடும் நான் சேரமாட்டேன். அந்தக் கேள்வியைத் தகப்பனிடம் அவர்கள் ஒருநாளும் கேட்பதில்லை.

என் வழக்கு வேறு. வேப்பமரத்தடியைப் பற்றிப் பேசியபோது மூன்று வீடுகளிலும் ஏறக்குறைய ஒரே பதில் வந்தது: “அவள் எங்கள் வீட்டுப் பிள்ளை மாதிரி, ஐயா.” இந்த வாக்கியத்தோடுதான் என் வழக்கு.

வீட்டுப் பிள்ளைக்கு வேலை நேரம் கிடையாது. ஆகவே அவளுக்கும் கிடையாது. காலை ஐந்தரைக்கு எழுந்து, இரவு இரண்டு மணிக்குப் பாலுக்கு அழும் குழந்தைக்கும் எழுந்திருப்பவரிடம் “எத்தனை மணி நேரம் வேலை செய்தாய்?” என்று யாரும் கேட்பதில்லை. வீட்டுப் பிள்ளைக்கு விடுமுறை எதற்கு? வீட்டுப் பிள்ளையோடு ஒப்பந்தம் எழுதுவார்களா? ஆனால் சொத்து எழுதும்போது அவள் வீட்டுப் பிள்ளை அல்லள். சாப்பாட்டு மேசையில் அவளுக்கு நாற்காலி இல்லை. அவளுடைய தட்டும் தம்ளரும் தனி. கூடத்தில் அவளுக்குத் தெரியாமல் கேமரா பொருத்தி, அலுவலகத்திலிருந்து கைபேசியில் பார்த்துக்கொள்கிறோம். எந்த வீட்டுப் பிள்ளையை அப்படிப் பார்க்கிறோம்? பொருத்துவதானால் அவளிடம் சொல்லிவிட்டுப் பொருத்துங்கள்.

வேதம் தாதியை அறிந்திருக்கிறது. ரெபெக்காளின் தாதியாகிய தெபொராளின் மரணத்தை ஆதியாகமம் 35-ஆம் அதிகாரம் பதிவு செய்கிறது. பெத்தேலுக்கு அருகே கர்வாலி மரத்தடியில் அவளை அடக்கம் செய்தார்கள், அந்த மரத்துக்கே அழுகையைக் குறிக்கும் பெயர் உண்டாயிற்று. ரெபெக்காள் மரித்த செய்தியை ஆதியாகமம் இப்படி விவரிக்கவில்லை. அவள் எங்கே அடக்கம் பண்ணப்பட்டாள் என்பதைப் பின்னர் ஒரு வரியில் சொல்லிச் செல்கிறது. யாத்திராகமம் 2-ஆம் அதிகாரத்தையும் திறந்து பாருங்கள். நாணல் பெட்டியில் கண்டெடுத்த குழந்தையை வளர்க்க ஒரு எபிரெய ஸ்திரீயை அமர்த்தும்போது பார்வோனுடைய குமாரத்தி முதலில் பேசுவது சம்பளத்தைத்தான். எபிரெயச் சிசுக்களை நதியில் எறியக் கட்டளையிட்ட அரண்மனை அது. அந்த அரண்மனைப் பெண்ணுக்குத் தெரிந்த ஒரு நியாயம், ஞாயிறுதோறும் பத்துக் கற்பனைகளைக் கேட்கும் நமக்குத் தெரிய வேண்டாமா? அந்தக் கற்பனைகளில் ஓய்வுநாள் வேலைக்காரனுக்கும் வேலைக்காரிக்கும் உரியது என்றே எழுதியிருக்கிறது. உபாகமம் 5-ஆம் அதிகாரம் அதற்குக் காரணமும் தருகிறது: எகிப்தில் அடிமைகளாயிருந்தவர்கள் நீங்கள்.

இதை எழுதும் என் கைகளும் சுத்தமானவை அல்ல. 1999-இல் தென் மாவட்டத்தில் ஒரு சேகரத்தில் நான் ஊழியம் செய்தபோது, என் மனைவி பள்ளி ஆசிரியை. எங்கள் இளைய மகனைப் பார்த்துக்கொள்ள ஒரு அம்மா வீட்டோடு இருந்தார். ஞாயிறு எங்களுக்கு வேலை மிகுந்த நாள். ஆகவே நான்கு ஆண்டுகளில் ஒரு ஞாயிறுகூட அவருக்கு ஓய்வு கிடைத்ததில்லை. தம் மகள் பெரியவளானாள் என்று செய்தி வந்து ஊருக்குப் போகக் கேட்டபோது, “அறுப்பின் பண்டிகை முடியட்டும்” என்றேன். பத்து நாள் கழித்துப் போனார். ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அந்தப் பண்டிகையில் நான் தாராள குணத்தைப் பற்றிப் பிரசங்கித்தேன். இன்னொன்றும் உண்டு. அவருடைய சம்பளத்தில் பாதியை, “மகள் கல்யாணத்துக்கு ஆகும்” என்று சொல்லி நானே வைத்திருந்தேன். கடைசியில் முழுவதும் கொடுத்தேன். நல்லது செய்ததாகவே எண்ணிக்கொண்டேன். கூலியைப் பொழுது போவதற்குள் கொடுத்துவிட வேண்டுமென்று உபாகமம் 24-ஆம் அதிகாரம் சொல்வதைச் செமினரியில் மூல மொழியிலேயே படித்தவன் நான். நாங்களும் அவரை வீட்டுப் பிள்ளை மாதிரி என்றுதான் சொல்லிவந்தோம்.

ஆகவே ஆயாவை அமர்த்துகிறவர்களே, நீங்கள் ஒரு முதலாளி ஆகிறீர்கள். அந்தச் சொல் கசந்தாலும் ஏற்றுக்கொள்ளுங்கள். வேலை தொடங்கும் நேரம், முடியும் நேரம், வாரத்தில் ஒரு முழு நாள் ஓய்வு, ஊருக்குப் போக ஆண்டு விடுமுறை, இரவில் விழித்தால் அதற்குத் தனிக் கூலி ஆகியவற்றை ஒரு தாளில் தமிழில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளர்களுக்கென நலவாரியம் 2007 முதல் இருக்கிறது. அவரை அதில் பதிவு செய்ய உதவுங்கள். ஏஜென்சிக்குக் கொடுத்த கமிஷனை அவருடைய சம்பளத்தில் கழிக்காதீர்கள். இவ்வளவும் செய்ய வருமானம் போதாதென்றால், முழுநேர ஆயா உங்கள் வருமானத்துக்கு மேற்பட்டது என்பதே பொருள். மீதியை அவருடைய பிள்ளைகள் கட்டக் கூடாது.

காப்பகத்தை இழிவாகப் பேசுவதையும் விடுங்கள். “பிள்ளையைக் கொண்டுபோய்த் தள்ளிவிட்டார்கள்” என்று ஒரு தாயின் காதுபடச் சொன்னவர்கள் நம் மாதர் சங்கத்திலேயே உண்டு. நல்ல காப்பகத்தில் நான்கு பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தபடி வேலை செய்கிறார்கள். ஒருவருக்குச் சுகமில்லையென்றால் மற்றவர் இருக்கிறார். மாலையில் கதவைப் பூட்டிவிட்டுத் தங்கள் பிள்ளைகளிடம் போகிறார்கள். பூட்டும் நேரம் உங்களுக்குக் குறையாகத் தோன்றலாம். அங்கே வேலை செய்பவருக்கு அது இரட்சிப்பு. 50 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனம் குழந்தைகள் காப்பக வசதி செய்து தர வேண்டும் என்று மகப்பேறு நலச் சட்டத்தின் 2017-ஆம் ஆண்டுத் திருத்தம் விதித்தது. உங்களில் எத்தனை பேர், குறிப்பாக எத்தனை தகப்பன்மார், உங்கள் அலுவலகத்தில் அதைக் கேட்டிருக்கிறீர்கள்?

நம்மிடமும் ஒரு கேள்வி உண்டு. நம் சேகர மண்டபம் திங்கள் முதல் வெள்ளி வரை பூட்டிக் கிடக்கிறது; சனிக்கிழமை கல்யாண வரவேற்புக்கு வாடகைக்குப் போகிறது. பகலில் அங்கே ஒரு காப்பகம் நடத்தலாம் என்று ஒரு சகோதரி எழுதிக் கொடுத்த விண்ணப்பத்தை இரண்டு ஆண்டுகளுக்கு முன் குருசேகரக் குழு தள்ளிவைத்தது. சுவரில் கிறுக்குவார்கள் என்பது குறிப்பேட்டில் பதிவான காரணம். தலைமை வகித்தவன் நான். அந்த விண்ணப்பம் இம்மாதக் கூட்டத்தில் மீண்டும் வருகிறது. சுண்ணாம்பு அடிக்கும் செலவை நான் ஏற்கிறேன்.

வருகிற ஞாயிறு முதல் வேப்பமரத்தடியில் யாரும் நிற்கத் தேவையில்லை. ஓய்வுநாள் பள்ளியின் முன் அறையில் பாய் விரித்திருக்கும். ஆராதனை நேரத்தில் குழந்தைகளைப் பெற்றோர் முறைவைத்து அங்கே பார்த்துக்கொள்வார்கள். அவர்களை அழைத்துவரும் பெண்கள் உள்ளே வந்து, விரும்பிய இருக்கையில் அமர்வார்கள். முறைப் பட்டியலை அறிவிப்புப் பலகையில் புதன்கிழமையே ஒட்டினேன். இதை எழுதும் வெள்ளிக்கிழமை மாலை வரை அதில் ஒன்பது பெயர்கள் சேர்ந்திருக்கின்றன. ஒன்பதும் பெண்களின் பெயர்கள்.