ஹாலோகிராம் என்றால் மாயை என்று யார் சொன்னது?

எங்கள் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் வாட்ஸ்அப் குழுவில் இந்த வாரம் மட்டும் மூன்று முறை ஒரே செய்தி வந்துவிட்டது: உலகம் ஒரு ஹாலோகிராம் என்று விஞ்ஞானிகள் நிரூபித்துவிட்டார்களாம், எல்லாம் மாயை என்று நம் முன்னோர்கள் அன்றே சொல்லிவிட்டார்களாம். கீழே வரிசையாகக் கும்பிடு பொம்மைகள். அனுப்பியவர்கள் முப்பது வருடம் சாக்பீஸ் பிடித்தவர்கள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

நான் ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் படித்தவன். இயற்பியல் அறிஞன் அல்ல. ஆனால் தேடிப் படிக்கத் தெரியும். படித்ததைச் சொல்கிறேன்.

புரோட்டானின் நிறை சுமார் 938 மெகா எலக்ட்ரான் வோல்ட். அதிலுள்ள மூன்று குவார்க்குகளின் நிறையைக் கூட்டினால் வருவது சுமார் 9தான். நூறு ரூபாயில் ஒரு ரூபாய்க்குத்தான் கணக்கு. மீதி எங்கே? குவார்க்குகளின் ஓட்டத்திலும், அவற்றைக் கட்டிவைத்திருக்கும் வலிய விசையின் ஆற்றலிலும் இருக்கிறது. பகுதிகளின் நிறையைக் கூட்டினால் முழுப்பொருளின் நிறை வரும் என்று நானே வகுப்பில் சொல்லியிருக்கிறேன். அது தப்பு, ஒத்துக்கொள்கிறேன்.

இந்த விசையின் சமன்பாடு 1970களிலேயே கிடைத்துவிட்டது. தீர்ப்பதுதான் பாடு. 1997-ல் மால்டசேனா ஒரு வழி சொன்னார். சில வகை விசைக் கோட்பாடுகளை, பரிமாணம் கூடுதலான ஓர் உலகின் ஈர்ப்புவிசைக் கணக்காக மாற்றி எழுதலாம் என்றார். கடையில் சிட்டையும் உண்டு, பேரேடும் உண்டு, வியாபாரம் ஒன்றுதான். ஒன்றில் புரியாததை இன்னொன்றில் பார்க்கிறோம். இரண்டு ஏடு இருப்பதால் கடையிலுள்ள அரிசி மாயையாகிவிடுமா?

2004-ல் சகாய், சுகிமோட்டோ என்ற இரு ஜப்பானியர்களும், 2005-ல் எர்லிச், கட்ஸ், சன், ஸ்டெபனோவ் என்ற நால்வரும் இந்த வழியை ஹாட்ரான்களுக்குப் போட்டுப் பார்த்தார்கள். நால்வர் கணக்கில், சில அளவுகளைச் சோதனையிலிருந்து எடுத்து வைத்தால், மற்றவை சுமார் பத்துப் பதினைந்து சதவீத வித்தியாசத்தில் வந்தன. நல்ல கணக்கு, ஆனால் தோராயம். குவார்க்குகளுக்கு உள்ள 'நிறங்கள்' மூன்றுதான். இந்த வழியோ நிறங்கள் மிக அதிகம் என்று வைத்தால்தான் எளிதாகிறது. 2008-ல் ஓர் ஐரோப்பியக் குழு பெரிய கணினிகளை வைத்து, வேறு முறையில், புரோட்டான் நிறையை இன்னும் துல்லியமாகவே கணக்கிட்டுவிட்டது. இதில் உலகம் பொய் என்று நிரூபித்தது யார்?

குற்றாலம் சித்திர சபையில் நடராசர் சிலையாக இல்லை, ஓவியமாக இருக்கிறார். அதைக் கும்பிட்டு வருகிறவர் யாரும் ஆட்டம் பொய் என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை.

எங்கள் தெருவில் பிளஸ் டூ படிக்கும் பிள்ளை இந்தச் செய்தியைக் காட்டி, "எல்லாம் மாயைன்னா எதுக்கு சார் பிசிக்ஸ் படிக்கணும்?" என்று கேட்டாள். பதில் சொல்ல வேண்டியது யார்? அனுப்பிய நாம்தானே!

பெருமைதான் வேண்டுமென்றால் அதற்கும் ஆள் உண்டு. சென்னையில் அல்லாடி ராமகிருஷ்ணன் தம் வீட்டிலேயே இயற்பியல் கருத்தரங்கு நடத்தினார். அதிலிருந்து 1962-ல் பிறந்ததுதான் இன்று தரமணியில் இருக்கும் கணித அறிவியல் நிறுவனம். அதைச் சொல்லுங்கள், பிள்ளைகள் அங்கே போக ஆசைப்படட்டும்.

இனி இப்படி ஒரு செய்தி வந்தால், எதை அளந்தார்கள், எவ்வளவு வந்தது என்று முதலில் கேளுங்கள். பதில் இல்லையென்றால் அனுப்பாதீர்கள். குழுவில் கோபப்படுகிறவர்கள் சாயங்காலம் வீட்டுக்கு வாருங்கள். காபி போட்டுப் பேசுவோம்.