விலைக்கு வாங்கிய விளையாட்டு யாருடையது?

கடையிற் சென்று ஒரு புத்தகத்தை விலைகொடுத்து வாங்கினால் அந்தப் புத்தகம் யாருடையது? இக்கேள்விக்குச் சிறுபிள்ளையும் விடை சொல்லிவிடும். அச்சிட்ட நிறுவனம் மூடப்படலாம், எழுதியவர் மறையலாம், விற்ற கடை இருந்த இடத்திலே தேநீர்க்கடை எழலாம். அலுமாரியில் இருக்கும் புத்தகத்தை இவற்றுள் எதுவும் தீண்டாது. ஆனால், கையடக்கத் தொலைபேசியிற் பணங்கொடுத்து வாங்கிய விளையாட்டு யாருடையது என்று கேட்டாலோ பெரியவர்களும் சற்றுத் தயங்குவர். தயங்க வேண்டியதுதான். இக்கிழமை நாம் எடுத்துக்கொண்ட விடயமும் அதுவே.

புதுக் கருவிகளில் எமக்குள்ள மோகம் இப்பகுதியைத் தொடர்ந்து வாசித்துவரும் அன்பர்கள் அறியாததன்று. ஆயினும், விளையாட்டு என்று வரும்போது எம் மனம் பழையனவற்றின் பக்கமே சாய்கின்றது. இது வெறும் பழம்பற்று அன்று. ஏன் என்பதைச் சொல்ல, யப்பானியர் ஒருவருடைய கதையிலிருந்து தொடங்குவது வசதியாயிருக்கும்.

கியோத்தோ நகரத்து நின்டெண்டோ நிறுவனம் 1889 ஆம் ஆண்டு சீட்டுக்கட்டுச் செய்வதற்கென்று தோன்றியது. குன்பெய் யொக்கோய் என்பவர் 1965 இல் அங்கே வேலைக்கமர்ந்தபோது, சீட்டுச் செய்யும் பொறிகளைப் பழுதுபடாமற் பார்த்துக்கொள்வதே அவருக்குக் கிடைத்த பணி. ஒருநாட் புகையிரதத்திலே, அலுவலர் ஒருவர் பொழுதுபோகாமற் கணிப்பான் ஒன்றின் பொத்தான்களை அழுத்தி விளையாடிக்கொண்டிருந்ததை அவர் கண்டார். கைக்குள் அடங்கும் விளையாட்டுக் கருவி என்ற எண்ணம் அவ்வாறுதான் பிறந்தது என்பர். 1980 இல் வெளிவந்த 'கேம் அன்ட் வோட்ச்', 1989 ஏப்ரலில் வெளிவந்த 'கேம்பாய்' ஆகிய இரண்டும் அவ்வெண்ணத்தின் பிள்ளைகளே.

யொக்கோயின் கொள்கை வியப்புக்குரியது. எல்லோரும் புத்தம்புதிய தொழில்நுட்பத்தின் பின்னால் ஓடிய காலத்தில், அவர் முதிர்ந்து, மலிந்து, குணங்குறைகள் யாவும் தெரியவந்துவிட்ட தொழில்நுட்பத்தை எடுத்து, அதனைக்கொண்டு எவரும் செய்யாததைச் செய்ய முனைந்தார். கேம்பாயின் திரையில் நிறங்கள் இல்லை. நான்கு சாயல்கள் மட்டுமே. அகலத்தில் 160 புள்ளிகள், உயரத்தில் 144. திரைக்குப் பின்னால் விளக்கும் இல்லை. இருட்டில் விளையாட முடியாது. இதற்குப் போட்டியாக அட்டாரி நிறுவனத்தின் 'லிங்ஸ்' அதே ஆண்டிலும், சேகா நிறுவனத்தின் 'கேம் கியர்' அடுத்த ஆண்டிலும் வண்ணத் திரையோடும் விளக்கோடும் வந்தன. பார்வைக்கு அவையே அழகு. ஆனால் கேம் கியர் ஆறு பற்றரிகளைச் சில மணிநேரத்திற் குடித்துத் தீர்த்தது. கேம்பாயோ நான்கு பற்றரிகளைக்கொண்டு பத்து மணிநேரத்துக்கு மேல் ஓடிற்று. முடிவு யாதெனில், கேம்பாயும் அதன் வண்ணத் தம்பியும் சேர்ந்து உலகெங்கும் 11 கோடியே 86 இலட்சத்துக்கு மேல் விற்பனையாயின.

அக்கருவியோடு உலகைச் சுற்றிய விளையாட்டு 'டெட்ரிஸ்'. அதனை 1984 இல் மொஸ்கோவில் ஆக்கியவர் அலெக்சி பஜித்நோவ். சோவியத் விஞ்ஞானக் கழகத்தின் கணிப்பு நிலையத்தில் அவர் வேலைசெய்தார். அங்கிருந்த 'எலெக்ட்ரோனிகா 60' என்னும் பொறிக்குப் படம் வரையும் ஆற்றலே இல்லை. ஆகவே அடைப்புக்குறிகளை அடுக்கியே அவர் கட்டிகளை உருவாக்கினார்! உரிமை அரசாங்கத்துடையதாக இருந்தமையால், உலகமெல்லாம் விளையாடிய அந்த விளையாட்டிலிருந்து 1996 வரையில் அவருக்கு உரிமைப்பணம் வரவில்லை.

கேம்பாய்க்கென வந்த டெட்ரிஸ் முழுவதும் 32 கிலோபைற்றுக்குள் அடங்கிற்று. மாணவர்கள் இதனை இவ்வாறு விளங்கிக்கொள்ளலாம். இணையத்தில் இன்று பெரிதும் வழங்கும் முறைப்படி தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் 3 பைற்று வேண்டும். 'க' என்று எழுத 3. புள்ளியிட்டு 'க்' என்று எழுத 6. அக்கணக்கின்படி நீங்கள் இப்போது வாசித்துக்கொண்டிருக்கும் இக்கட்டுரையே அவ்வளவு இடத்தை நிரப்பிவிடும். ஏழு வகைக் கட்டிகள், இசை, புள்ளிக்கணக்கு, இருவர் கம்பி தொடுத்து ஒருவரோடொருவர் போட்டியிடும் வசதி யாவும் இந்தக் கட்டுரை கொள்ளும் இடத்துக்குள்! அந்த 32 கிலோபைற்றுத்தான் கார்ட்ரிட்ஜ் எனப்படும் சிறிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் இருந்தது. வாங்கியவர் அதனை அயல்வீட்டுப் பிள்ளைக்கு இரவல் கொடுக்கலாம், அலுத்துவிட்டால் விற்கலாம், பேரப்பிள்ளைக்கு வைத்துவிட்டும் போகலாம். எவரிடமும் அனுமதி கேட்கவேண்டியதில்லை.

கையடக்கத் தொலைபேசியிலும் தொடக்கத்தில் இதே நிலைமைதான் இருந்தது. 1997 இல் பின்லாந்தின் நொக்கியா நிறுவனம் வெளியிட்ட 6110 என்னும் தொலைபேசியில், தனேலி அர்மந்தோ என்ற பொறியியலாளர் ஆக்கிய பாம்பு விளையாட்டு இருந்தது. அது தொலைபேசியோடு வந்தது, தொலைபேசியோடு இருந்தது. இன்றும் அக்கருவிக்கு உயிர் இருக்குமாயின் பாம்பும் நெளியும்.

மாற்றம் வந்தது 2008 யூலையில். அப்பிள் நிறுவனம் ஐபோனுக்கெனச் செயலிக் கடையைத் திறந்தது அப்போதுதான். முதலிற் பல விளையாட்டுகள் ஓரிரு டொலருக்கு விற்கப்பட்டன. அடுத்த ஆண்டிலே, விளையாட்டுக்குள்ளேயே பொருள் விற்கும் வசதி வந்தது. அதன்பின் விளையாட்டை இலவசமாகக் கொடுத்துவிட்டு, உள்ளே உயிரும் வாளும் வைரமும் விற்பதே பெருவழக்காயிற்று. இத்தகையவற்றை விளையாட்டு என்பதிலும் கடை என்பதே பொருந்தும் என்பது எம் கருத்து. கடைக்காரன் வாசலிற் பழம் வெட்டிக் கொடுப்பது பழத்தின்மேலுள்ள வெறுப்பினாலா? 2014 சனவரியில் ஐக்கிய அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணைக்குழு அப்பிள் நிறுவனத்தோடு செய்துகொண்ட உடன்பாடு பெற்றோர் அறியத்தக்கது. பெற்றோர் ஒருமுறை இரகசியச் சொல்லைக் கொடுத்தால், அடுத்த 15 நிமிடங்களுக்குப் பிள்ளை மீண்டும் கேட்காமலே எத்தனை முறையும் வாங்கக்கூடியதாக இருந்தது. அவ்வாறு போன பணத்திற் குறைந்தது 3 கோடியே 25 இலட்சம் டொலரைத் திருப்பிக் கொடுக்க அப்பிள் இணங்கிற்று.

பணம் போவதையாவது பொறுத்துக்கொள்ளலாம். விளையாட்டே போய்விடுவதுதான் எம்மை அதிகம் வருத்துகின்றது. 2017 செப்டெம்பரில் 'ஐஓஎஸ் 11' என்னும் பணிசெயல் முறைமை வந்தபோது, அதுவரை 32 பிற்று முறையில் இயங்கிய செயலிகள் யாவும் ஒரேயடியாக நின்றுபோயின. 32 பிற்றுக் கொண்டு முகவரி எழுதும் பொறி ஒன்று ஏறத்தாழ 429 கோடி நினைவக இடங்களையே சுட்ட முடியும். தெருவில் வீடுகள் பெருகப் பெருக வீட்டிலக்கத்துக்கு இலக்கங்கள் போதாமற்போவது போன்றது இது. ஆகவே 64 பிற்றுக்கு மாறியதிற் பிழையில்லை. புதிய முறைக்கேற்ப விளையாட்டைத் திருத்தித் தரவேண்டியவர் அதனை ஆக்கியவர். அவருடைய நிறுவனம் கலைந்திருந்தால், அல்லது பழைய விளையாட்டைத் திருத்துவதால் ஆதாயம் இல்லை என்று அவர் கருதியிருந்தால், வாங்கியவர் கதி அதோகதிதான். அன்ட்ரொயிட் பக்கத்திலும், கூகிள் 2022 இல் வெளியிட்ட 'பிக்செல் 7' முதலாக இவ்வழக்கம் தொடங்கிவிட்டது.

பழைய மென்பொருளைச் சுமந்துகொண்டிருந்தால் தொலைபேசி பருத்துவிடும், பாதுகாப்பும் குறையும் என்பது நிறுவனங்கள் தரப்பு நியாயம். இதிற் பாதி மெய். ஆனால் 1990 களில் எழுதப்பட்ட 32 பிற்று விண்டோஸ் மென்பொருள்கள் பல, இன்றைய விண்டோஸ் 11 இலும் ஓடுகின்றனவே! அந்நிறுவனம் பழையவற்றுக்கென ஒரு திண்ணையை ஒதுக்கிவைத்தது. தொலைபேசிக்காரர் திண்ணையை இடித்துவிட்டனர். மனமிருந்தால் முடியாத காரியமன்று என்றே நாம் நினைக்கின்றோம்.

வேறுவகையில் மறைந்தனவும் உள. 2010 இல் வந்து, தொலைபேசியிலும் இத்தகைய காட்சி இயலுமா என்று எல்லோரையும் திகைக்கவைத்த 'இன்பினிட்டி பிளேட்', 2018 திசெம்பரிற் கடையிலிருந்து எடுக்கப்பட்டது. நின்டெண்டோவே 2019 யூலையில் வெளியிட்ட 'டொக்டர் மாரியோ வேர்ல்ட்' 2021 நவம்பரில் நிறுத்தப்பட்டது. ஒரு குழந்தை பேசப் பழகும் காலத்துக்குள் அதன் ஆயுள் முடிந்துவிட்டது. அதே நிறுவனத்தின் 1989 ஆம் ஆண்டு டெட்ரிஸ் பெட்டியை இன்று கருவியிற் செருகினால் கட்டிகள் விழத் தொடங்கும்.

வியட்நாமைச் சேர்ந்த இளைஞர் தொங் நுயென் ஆக்கிய 'பிளாப்பி பேர்ட்' கதை இவற்றிலிருந்து வேறுபட்டது. மக்கள் அதற்கு அடிமையாகின்றனர் என்று கூறி, புகழின் உச்சத்தில் இருக்கும்போதே, 2014 பெப்ரவரியில் அவரே அதனை எடுத்துவிட்டார். அந்த மனவுறுதியை நாம் மதிக்கின்றோம். உடனே, அவ்விளையாட்டு உள்ளே இருக்கும் தொலைபேசிகளைக் கொள்ளைவிலைக்கு விற்கப் பலர் முன்வந்தனர்! இரவல் கொடுக்க இயலாத பொருளை இரவல் கொடுக்க வேண்டுமாயின் தொலைபேசியையே கொடுக்க வேண்டியிருக்கின்றது.

இழந்தவற்றை மீட்க வழியுண்டா? எமுலேற்றர் என்னும் மென்பொருள் அவ்வழிகளில் ஒன்று. கூத்திலே உழவன் ஒருவன் முடிசூடி அரசனாக வந்து நிற்பதுபோல, இன்றைய தொலைபேசி கேம்பாய் வேடம் பூணுகின்றது. விளையாட்டோ தான் மெய்யான கேம்பாயினுள் இருப்பதாகவே நம்பி ஓடுகின்றது. அன்ட்ரொயிட்டில் நெடுங்காலமாக இருந்த இந்த வசதியை அப்பிள் 2024 ஏப்ரலில்தான் தன் கடையில் அனுமதித்தது; 'டெல்டா' முதலியன உடனே வந்தன. வேடம் பூணுவது குற்றமன்று என்ற போக்கில் அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று 2000 ஆம் ஆண்டிலேயே, சோனி நிறுவனம் தொடுத்த வழக்கில், தீர்ப்பளித்துள்ளது. ஆனால் பிறர் விளையாட்டைத் திருட்டுப் பிரதியெடுப்பது வேறு விடயம். இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ளும் மாணவர் பலர், கவனம் வேண்டும்.

திருட்டுப் பிரதியை நாம் ஆதரிக்கவில்லை. ஆயினும் நேர்வழியில் வாங்கவே கிடைக்காதவற்றை என்செய்வது? 2023 இல் அமெரிக்காவின் காணொளி விளையாட்டு வரலாற்று மன்றம் நடத்திய ஆய்வின்படி, அந்நாட்டில் 2010 க்கு முன் வெளியான விளையாட்டுகளில் நூற்றுக்கு 87 பங்கு இன்று கடையிற் கிடைப்பதில்லை. அவற்றை நூலகங்கள் பேணி, ஆய்வாளருக்குத் தூரத்திலிருந்தே பார்க்கத் தரலாமா என்று கேட்டதற்கு, அந்நாட்டுப் பதிப்புரிமை அலுவலகம் 2024 ஒக்டோபரில் இல்லையென்று விடையளித்தது. ஒரு தலைமுறையின் பிள்ளைப்பருவத்துக்கு நூலகத்தில் இடமில்லையாம்!

நல்ல அறிகுறிகளும் இல்லாமலில்லை. கலிபோர்னியா மாநிலத்தில் 2025 சனவரி முதலாக, பின்னர் பறிக்கக்கூடிய ஒரு பொருளை 'வாங்குங்கள்' என்று சொல்லி விற்பவர், அது பாவிக்கும் அனுமதி மட்டுமே என்பதைத் தெளிவாக அறிவித்தல் வேண்டும். நின்டெண்டோவும் ஒருமுறை நல்லது செய்தது. 2017 இல் தொடங்கிய 'அனிமல் குரொசிங்: பொக்கெட் காம்ப்' என்னும் இலவச விளையாட்டை 2024 நவம்பரில் நிறுத்தியபோது, ஒரேயொருமுறை விலைகொடுத்து வைத்திருக்கத்தக்க முழுப் பதிப்பொன்றை அடுத்த மாதமே வெளியிட்டது. பிள்ளைகள் ஏழாண்டுகளாக அடுக்கி அழகுபார்த்த கூடாரங்களையும் தளபாடங்களையும் புதிய பதிப்புக்கு எடுத்துச் செல்லவும் வழிசெய்தது. ஏனையோரும் இதனைப் பார்த்து ஒழுகினால் எமக்கு இத்தனை கதைக்க வேண்டியிராது.

பிள்ளைகளுக்கு விளையாட்டு வாங்கிக்கொடுக்கும் பெற்றோர் ஓர் எளிய சோதனை செய்யலாம். தொலைபேசியை விமானப் பயண நிலைக்கு மாற்றி, இணையத்தை அறவே துண்டித்தபின், விளையாட்டைத் திறந்து பாருங்கள். திறந்து ஓடினால், அந்தக் கருவி உள்ளவரையிலாவது அது உங்களோடு இருக்கும் என்று நம்பலாம். 'தொடர்பு இல்லை' என்று கைவிரித்தால், நீங்கள் கொடுப்பது விலையன்று, வாடகை. வாடகை கொடுப்பதிலும் குற்றமில்லை. தெரிந்து கொடுக்கவேண்டும், அவ்வளவே.

பழைய கார்ட்ரிட்ஜ்களை வைத்திருப்போர்க்கும் ஒரு வார்த்தை. அவற்றை நாம் எவ்வளவு புகழ்ந்தாலும் அவையும் சிரஞ்சீவிகளல்ல. 1996 இல் வந்த 'பொக்கிமோன்' போன்றவற்றில், விளையாடியவர் சேர்த்துவைத்ததை நினைவிற் காப்பது உள்ளேயுள்ள நாணயம்போன்ற சிறு பற்றரியே. அது பல ஆண்டுகள் உழைத்துப் பின்னர் ஓய்ந்துவிடும். ஓய்ந்தாலும் விளையாட்டுக்குக் கேடில்லை. சேர்த்துவைத்தது மட்டுமே அழியும். பற்றரியோ உள்ளே பற்றாசு கொண்டு ஒட்டப்பட்டிருக்கின்றது. அதனைக் கழற்றிய கணத்தில் நினைவு போய்விடும். ஆதலால் மாற்ற விரும்புவோர், கார்ட்ரிட்ஜை வாசிக்கும் சிறு கருவியைக் கணினியிற் பொருத்தி, சேர்த்துவைத்ததை முதலிற் பிரதியெடுத்துக்கொண்டு, அதன்பின் பழகிய கையொன்றிடம் அவ்வேலையை ஒப்படைப்பாராக.