காருக்குள் மழைக்காலம்

அக்டோபர் பிறந்துவிட்டால் கார் வைத்திருப்பவர்கள் இரண்டு வகையாகப் பிரிந்துவிடுவார்கள். மேகம் கறுத்ததும் பஜ்ஜி ஞாபகம் வருகிறவர்கள் ஒரு வகை. கால் மிதியடி ஞாபகம் வருகிறவர்கள் இன்னொரு வகை. இந்த இரண்டாம் வகைக்காரரை ஆபீசில் சுலபமாகக் கண்டுபிடித்துவிடலாம். அவர் காரின் பின் சீட்டில் சாக்ஸ் காய்ந்துகொண்டிருக்கும். லிஃப்ட் கேட்டு ஏறினால், ஊறப்போட்ட கோணிச் சாக்கு வாசனை. "லேசா ஒழுகுது சார்" என்பார், ஏதோ குழந்தைக்கு மூக்கு ஒழுகுகிற மாதிரி!

இதற்கு நம் ஊரில் ஒரு சர்வரோக நிவாரணி உண்டு: சிலிக்கான் பசை. ஒரு ட்யூப் வாங்கி, சந்தேகப்பட்ட இடத்திலெல்லாம் பிதுக்கிவிடுவது. இங்கேதான் வினையே ஆரம்பம். கார் என்பது தண்ணீரே புகாத டப்பா இல்லை சார். 'வருகிற தண்ணீர் வரட்டும், வழியோடு போகட்டும்' என்றுதான் அதைச் செய்கிறார்கள். ஜன்னல் கண்ணாடியை ஒட்டிக் கதவுக்குள் தண்ணீர் இறங்கும். கதவின் அடி விளிம்பில் உள்ள ஓட்டைகள் வழியாக வெளியேறிவிடும். சன்ரூஃபிலும் ரப்பரைத் தாண்டி வரும் தண்ணீரை ஒரு வாய்க்கால் பிடித்து, மூலைகளில் உள்ள ட்யூப் வழியாகக் கீழே அனுப்பும். வைப்பருக்கு அடியில் இருக்கிற பள்ளமும் அப்படியே. ஆக, காரை உலர்வாக வைத்திருப்பதே ஓட்டைகள்தான். அதைப் போய் நாம் பசை வைத்து அடைக்கிறோம். ஏரி வாய்க்காலில் பிளாட் போட்ட பரம்பரை அல்லவா!

எங்கள் ஆபீஸ் இளைஞர் ஒருவர், அக்கா கல்யாணச் செலவுக்காகத் தன் பழைய காரை விற்கக் கிளம்பினார். வாங்க வந்தவர் பானெட்டைத் திறக்கவே இல்லை. இடது முன் சீட்டுக்குக் கீழே கார்ப்பெட்டை அழுத்தினார். விரலை மோந்து பார்த்தார்.

"வேளச்சேரி வெள்ளத்துல நின்ன வண்டியா தம்பி?"

2015 டிசம்பர் வெள்ளமும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலும் சென்னைக்காரர்களுக்கு மூக்கால் கார் பார்க்கக் கற்றுக்கொடுத்துவிட்டன. வெள்ளமே பார்க்காத வண்டி அது. ஆனால் ஈரக் கார்ப்பெட் எப்படி சத்தியம் செய்யும்? ஒரே மூச்சில் நாற்பதாயிரம் குறைத்துக் கேட்டார். மண்டபத்துக்குக் கட்ட வேண்டிய பாக்கியும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். பையன் முகம் கார்ப்பெட்டை விட ஈரமாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை நானும் அவரும் துப்பறியக் கிளம்பினோம்.

முதல் கேள்வி: இது மழைத் தண்ணீர்தானா? வெயில் நாளில் ஏசி போட்டு ஓட்டியும் இடது பக்கம் நனைந்தால், ஏசியின் வடிகுழாய் அடைத்திருக்கிறது என்று அர்த்தம். தொட்டால் பிசுபிசுத்து, தித்திப்பாக ஒரு வாசனை வந்தால், அது கூலன்ட். நேராக மெக்கானிக்கிடம் போகவேண்டியதுதான். இவர் வண்டியில் மழை பெய்தால் மட்டும் ஈரம். சரி, கேஸ் மழை மேல்தான்.

அடுத்து, கார்ப்பெட்டைத் தூக்கி, அடியில் உள்ள பஞ்சு மெத்தையையும் காயவைக்கவேண்டும். மேலே துடைத்து என்ன பிரயோஜனம்? குற்றவாளி பஞ்சுக்குள் அல்லவா ஒளிந்திருக்கிறான்! பிறகு வெறும் தரையில் பழைய பேப்பரைப் பரப்பினோம். எந்தப் பக்கம் முதலில் நனைகிறதோ, அங்கிருந்து மேலே தேட ஆரம்பிக்கலாம். தண்ணீர் சொட்டுகிற இடமும் புகுகிற இடமும் ஒன்றாக இருக்கவேண்டிய அவசியம் இல்லை. ஆபீஸ் ஃபைல் மாதிரிதான், எங்கெங்கோ சுற்றிவிட்டுத்தான் நம் மேஜைக்கு வரும்.

அவர் டார்ச்சோடு உள்ளே. நான் ஹோஸோடு வெளியே. கீழிருந்து மேலே போகவேண்டும், இது முக்கியம். முதலில் கதவின் அடி, பிறகு ஜன்னல், வைப்பர் பள்ளம், முன் கண்ணாடி, கடைசியில் கூரை. ஒவ்வொரு இடத்திலும் நாலைந்து நிமிஷம். கூரையிலிருந்து ஆரம்பித்தால் எல்லாமே நனைந்து, எல்லோருமே குற்றவாளியாகத் தெரிவார்கள். வாட்டர் வாஷ் கன்னைக் கொண்டு பீய்ச்சாதீர்கள். அந்த வேகத்தில் நல்ல ரப்பரும் பொய் சாட்சி சொல்லும்.

வைப்பர் பள்ளத்தில் ஊற்றியபோதுதான் உள்ளேயிருந்து அலறல்: "சார், நிறுத்துங்க, நிறுத்துங்க!"

பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினோம். உள்ளே வேப்பிலை மக்கி, ஒரு துளசிச் செடி நடலாம் போல உரமாகியிருந்தது. வடிகால் அடைந்து, பள்ளம் நிரம்பி, ஏசிக்குக் காற்று போகிற வாய் வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கியிருக்கிறது. ஒரு மெக்கானிக் இதற்கு முன் கண்ணாடியையே மாற்றணும் என்று சொல்லியிருந்தார்! எங்களுக்கு ஆன செலவு, இரண்டு டீ.

கார்ப்பெட் காய மூன்று நாள் ஆனது. தரையில் துரு லேசாகத் தலைகாட்டியிருந்தது. தேய்த்து ரெட் ஆக்ஸைடு அடித்தோம். இன்னும் இரண்டு மழைக்காலம் விட்டிருந்தால் தரை ஓட்டையாகி, ரோடே தெரிந்திருக்கும். வாங்க வந்தவரை மறுபடி கூப்பிட்டு, நடந்ததை மறைக்காமல் சொல்லி, அள்ளிய இலையையும் காட்டினார் பையன். அவர் கார்ப்பெட்டை அழுத்தினார், மோந்தார், யோசித்தார். "கலர் அவ்வளவு பிடிக்கலை" என்று ஐயாயிரம் குறைத்தார். போகட்டும், அவருக்கும் ஒரு கௌரவம் வேண்டாமா?

உங்கள் வண்டியில் வேப்பிலை இல்லையென்றால், மற்ற சந்தேக நபர்கள் இதோ:

ஸ்பீக்கர் மாட்டியவர் கதவுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் ஷீட்டைக் கிழித்திருக்கலாம், கதவோரம் நனையும். ஹார்னுக்கோ, ஃபாக் லேம்ப்புக்கோ வயர் இழுத்த ஓட்டையில் ரப்பர் இல்லாமல் இருக்கலாம். டிக்கியில் ஸ்டெப்னி குளித்துக்கொண்டிருந்தால், பின் விளக்கின் ரப்பரைப் பாருங்கள். கதவு பீடிங் மேல் சந்தேகமா? ஒரு பத்து ரூபாய் நோட்டை வைத்துக் கதவைச் சாத்தி இழுங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால், அங்கே பிடிப்பு இல்லை. (வீட்டுப் பவுடரைத் தூவி, தண்ணீர் ஓடிய கோடு பார்ப்பதும் உண்டு. மனைவியின் சம்மதம் அவசியம்.)

வழி தெரிந்த பிறகு, தேவைப்பட்டால் மட்டும் பசை.

ஐப்பசிக்கு முன் ஒரு நாள், வைப்பர் பள்ளத்தில் ஒரு மக் தண்ணீர் ஊற்றிவிட்டு வண்டிக்கு அடியில் எட்டிப் பாருங்கள். தரையில் சொட்டினால் சந்தோஷப்படுங்கள். கார் ஒழுகுவதைப் பார்த்து மனுஷன் சந்தோஷப்படக்கூடிய ஒரே சந்தர்ப்பம் அதுதான்!