'நல்லா இருக்கு' என்றால் போதுமா?

கல்லூரிக்குப் போகிற நம் வீட்டுப் பிள்ளைகள் இப்போதெல்லாம் கட்டுரை எழுதிக் கொடுப்பதோடு விடுவதில்லை. பாட்டெழுதி, மெட்டுப் போட்டு, செல்போனிலேயே படமும் எடுத்து, "அம்மா, பார்த்துட்டு எப்படி இருக்குன்னு சொல்லு" என்று அடுப்படிக்கே கொண்டு வந்து நீட்டுகிறார்கள். நாமும் கையிலிருக்கும் கரண்டியைக் கீழே வைக்காமலே ஒரு பார்வை பார்த்து, "ரொம்ப நல்லா இருக்குடி கண்ணு!" என்று அனுப்பிவிடுகிறோம். பிள்ளைக்குச் சந்தோஷம்தான். ஆனால் அந்தப் பதிலை வைத்துக்கொண்டு அது என்ன கற்றுக்கொள்ளும், சொல்லுங்கள்?

எங்கள் வேங்கிக்காலில் நான்கு பெண்கள் கல்லூரி வேலையாக மூன்று நிமிஷப் பாட்டுப் படம் ஒன்று எடுத்தார்கள். குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தால் ஓ.ஆர்.எஸ். கரைத்துக் கொடுங்கள் என்பதுதான் விஷயம். கும்மி மெட்டு, நல்ல குரல், பின்னால் மலை தெரிகிறது. தெருப் பெண்கள் பதினைந்து பேரைக் கூட்டி வைத்துப் போட்டுக் காட்டி, ஆளுக்கொரு தாள் கொடுத்து மார்க்கு போடச் சொன்னார்கள். எல்லோரும் ஐந்துக்கு ஐந்து! காபி கொடுத்து உட்கார வைத்துக் கேட்டால் யார்தான் குறைப்பார்கள்?

அந்த நால்வரில் ஒருத்தி கெட்டிக்காரி. தாள்களை மடித்து வைத்துவிட்டு, ஒரு தட்டில் ஒரு லிட்டருக்கான ஓ.ஆர்.எஸ். பாக்கெட், டம்ளர், ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில், ஸ்பூன் எல்லாம் எடுத்து வந்தாள். "ஆயா, பாட்டுல பார்த்த மாதிரி கரைச்சுக் காட்டுங்க" என்றாள். ஆயா டம்ளரில் தண்ணீர் ஊற்றி, முழுப் பாக்கெட்டையும் கவிழ்த்துவிட்டார்! அடுத்து வந்த இளம் தாய்மார்கள் மூன்று பேரும் அதையே செய்தார்கள்.

பாட்டில் 'ஒரு லிட்டர்' என்று இரண்டு தடவை வருகிறது. ஆனால் படத்தில், அழகாக இருக்கிறதே என்று, பளபளக்கும் எவர்சில்வர் டம்ளரில் பொடி விழுவதைத்தான் கிட்டத்தில் காட்டியிருந்தார்கள். காதில் விழுந்தது மறந்துபோய், கண்ணில் பட்டதுதான் மனசில் நின்றது.

இது விளையாட்டுக் காரியமில்லை. ஒரு லிட்டருக்கான பொடியை ஒரு டம்ளரில் கரைத்தால் உப்பு பல மடங்காகிவிடும். கைக்குழந்தையின் ரத்தத்தில் உப்பு ஏறினால் வலிப்பு வரைக்கும் கொண்டு போய்விடும். கடைகளில் 200 மில்லிக்கான சின்னப் பாக்கெட்டும் உண்டு, ஒரு லிட்டருக்கானதும் உண்டு. உறையில் போட்டிருக்கும் அளவைப் படிக்காமல் பிரிக்கவே கூடாது. பாக்கெட் கிடைக்காத நேரத்தில், காய்ச்சி ஆறவைத்த ஒரு லிட்டர் தண்ணீரில் தலை தட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, தலை தட்டிய அரை டீஸ்பூன் உப்பு. கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைத்துக்கொள்ள வேண்டாம்.

ஐந்து மாதக் குழந்தையோடு வந்திருந்த ஒரு பெண், "அப்போ தாய்ப்பாலை நிறுத்திடணுமா?" என்று கேட்டாள். நிறுத்தவே கூடாது, இன்னும் அடிக்கடி கொடுக்க வேண்டும். அந்த வரி பாட்டிலேயே இல்லை! பெண்கள் டம்ளர் காட்சியை வெட்டிவிட்டு லிட்டர் பாட்டிலோடு மறுபடி எடுத்தார்கள். தாய்ப்பாலுக்கும் இரண்டு வரி சேர்ந்தது.

இந்தத் தட்டு வித்தையைப் பெரிய அளவில் செய்து காட்டியவர்கள் வங்கதேசத்து 'பிராக்' அமைப்பினர். 1980 முதல் 1990 வரை, அவர்களுடைய பெண் ஊழியர்கள் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் போய், மூன்று விரல் சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அளந்த தண்ணீர் என்று தாய்மார்களுக்குக் கரைசல் செய்யக் கற்றுக்கொடுத்தார்கள். பிறகு வேறொருவர் போய்ச் சில வீடுகளில் விசாரிப்பார். தாய் எவ்வளவு நினைவு வைத்திருக்கிறாளோ, அதற்கேற்பத்தான் ஊழியருக்குச் சம்பளம்! 'பாடம் நன்றாக இருந்ததா?' என்ற கேள்விக்கே அங்கே இடமில்லை.

அதிலும் ஒரு வேடிக்கை. தாய்மார்கள் பாடத்தைக் கடகடவென்று ஒப்பித்தார்கள். ஆனால் வீட்டில் பேதி வந்தபோது கரைத்துக் கொடுத்தவர்கள் வெகு சிலரே. ஏனென்று துருவிப் பார்த்தால், ஊழியர்களிலேயே சிலருக்குக் கரைசலில் நம்பிக்கை இல்லையாம். வீட்டு ஆண்களுக்கோ யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அதன் பிறகுதான் ஊழியர்களுக்குப் புதிதாகப் பயிற்சி கொடுத்து, கடைவீதியிலும் மசூதியிலும் ஆண்களைக் கூட்டிப் பேச ஆரம்பித்தார்கள்.

இங்கிலாந்தில் ஓ.சி.ஆர். என்ற தேர்வு வாரியம், நம் பிளஸ் டூ வயதுப் பிள்ளைகளுக்கு ஊடகப் பாடத்தில் இதையே கேள்வியாக வைத்திருந்தது. சில வருஷங்களுக்கு முன்பு வரை இருந்த பாடத்திட்டத்தில், பாட்டுப் படமோ வேறு படைப்போ செய்துவிட்டு நான்கு கேள்விகளுக்குப் பதில் தர வேண்டும். மூன்றாவது, 'பார்வையாளர்களின் கருத்திலிருந்து நீ என்ன கற்றுக்கொண்டாய்?' என்பது. எனக்குப் பிடித்த கேள்வி.

வாய் திறந்து சொல்லத் தெரியாத சின்னக் குழந்தைகளிடம் என்ன செய்வது? அமெரிக்காவில் 1969-ல் தொடங்கிய 'செசமி ஸ்ட்ரீட்' நிகழ்ச்சிக்காரர்கள், டி.வி.க்குப் பக்கத்தில் இன்னொரு திரை வைத்து, ஏழரை விநாடிக்கொரு படம் மாற்றிக்கொண்டே இருந்தார்களாம். குழந்தையின் கண் எந்த இடத்தில் டி.வி.யை விட்டு விலகுகிறதோ, அந்தப் பகுதி தேறவில்லை என்று குறித்துக்கொள்வார்கள்.

உங்கள் பிள்ளை அடுத்த முறை போனை நீட்டும்போது அடுப்பைச் சின்னதாக்கிவிட்டு முழுசாகப் பாருங்கள். பார்த்து முடித்ததும், உங்களுக்கு என்ன புரிந்தது என்று உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள்; அது நினைத்ததும் நீங்கள் சொன்னதும் ஒன்றா என்று பிள்ளையே பார்த்துக்கொள்ளும். எந்த இடத்தில் மனசு சாம்பாருக்குப் போயிற்று என்றும் சொல்லலாம், தப்பில்லை. மெட்டு வேகத்தில் வார்த்தை பிடிபடவில்லையென்றால், எந்த வரி என்று குறிப்பாகச் சொல்லுங்கள். மாமியாரையும் பக்கத்து வீட்டம்மாவையும் கூப்பிட்டுக் காட்டச் சொல்லுங்கள். அவர்கள் பேசும்போது, "இல்லை, நாங்க சொல்ல வந்தது வேற" என்று பிள்ளை குறுக்கே பாய்ந்தால், சும்மா இரு என்று கண்ணைக் காட்டுங்கள்.