டிரெய்லருக்கும் பின்னால் கண் வேண்டும்

ராஜபாளையம் பக்கம் செட்டியார்பட்டி, தளவாய்புரம் ரோட்டில் ராத்திரி பைக்கில் வருகிறவர்களுக்கு இந்தப் பயம் தெரியும். எதிரே வரும் லாரியின் லைட் கண்ணைக் கூசவைக்கும். அது கடந்த மறுநொடி, நம் முன்னால் ஒரு டிராக்டர் டிரெய்லர் நிற்கும். பின்னால் ஒரு சிவப்புப் புள்ளிகூட இருக்காது.

60 கி.மீ. வேகத்தில் போகும் பைக் நொடிக்கு சுமார் 17 மீட்டர் கடக்கும். டிம் லைட்டில் 40 மீட்டர் தெரிகிறது என்று வைத்துக்கொண்டாலும், கையில் இருப்பது இரண்டரை நொடிகூட இல்லை. அதில் ஒரு நொடி, முன்னால் நிற்பது என்ன என்று புரியவே போய்விடும்.

லைட் மாட்டியிருந்தும் எரியவில்லையா? பல்பைத் திட்டும் முன் எர்த்தைப் பாருங்கள். கொக்கி வழியாகவே எர்த் கிடைத்துவிடும் என்று பலர் தனி ஒயர் விடுவதில்லை. கிரீஸும் துருவும் சேர்ந்தால் அந்த வழி அடைபடும். பிரேக் மிதித்தால் இண்டிகேட்டர் மினுங்குகிறதா? பெரும்பாலும் எர்த் கோளாறுதான்.

டிராக்டரின் பின்பக்கம் 7 பின் சாக்கெட் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். ஒயரை முறுக்கி டேப் சுற்றினால், டிரெய்லரைக் கழற்றி மாட்டும்போது முதலில் அறுவது அதுதான். வழக்கமான 12 வோல்ட் சாக்கெட்டில் 3-ஆம் பின் எர்த்; 1-ம் 4-ம் இடது, வலது இண்டிகேட்டர்; 6 பிரேக் லைட்; 5-ம் 7-ம் டெயில் லைட். ஒயரின் கலரை நம்பாமல் டெஸ்ட் லேம்ப் வைத்துப் பார்ப்பது நல்லது. 21 வாட் பிரேக் பல்பு இரண்டு எரிந்தாலே மூன்றரை ஆம்பியர் ஓடும். மெல்லிய ஒயர் போட்டால் வழியிலேயே வோல்டேஜ் குறைந்து, வெளிச்சம் மங்கிவிடும். லைட்டுகளுக்கு 1.5 சதுர மி.மீ., எர்த்துக்கு 2.5 சதுர மி.மீ. ஒயர் போடுங்கள்.

அடுத்தது பிரேக். ஐரோப்பாவில் மொத்த எடை 750 கிலோவுக்கு மேல் போனால் டிரெய்லருக்குத் தனி பிரேக் கட்டாயம். அமெரிக்காவில் பிக்கப் வண்டிக்காரர்கள் டிரெய்லருக்கு எலெக்ட்ரிக் பிரேக் வைக்கிறார்கள். சக்கர டிரம்முக்குள் உள்ள காந்தம் ஒவ்வொன்றும் சுமார் 3 ஆம்பியர் இழுக்கும். நான்கு சக்கரத்துக்கு 12 ஆம்பியர். அதனால் பிரேக் லைட் ஒயரிலிருந்து கிளை எடுக்காமல், பேட்டரியிலிருந்து தனி ஒயரும் தனி ஃபியூஸும் போடுகிறார்கள். கொக்கி கழன்றாலும் டிரெய்லர் தானாக பிரேக் பிடிக்க, அதிலேயே ஒரு சின்ன பேட்டரியும் உண்டு.

இங்கே கரும்போ, தேங்காயோ டன் கணக்கில் ஏற்றும் பல டிரெய்லர்களில் பிரேக்கே கிடையாது. டிராக்டர் நின்றாலும் பாரம் நிற்காது, பின்னாலிருந்து தள்ளும். இறக்கத்திலும் வளைவிலும் வண்டி மடங்கிச் சாய்வது இதனால்தான். பிரேக் வைக்கும்வரை பாரத்தையும் வேகத்தையும் குறைப்பது ஒன்றே வழி.

கிளம்பும் முன் வீட்டில் ஒருவரைப் பின்னால் நிற்கச் சொல்லி, பிரேக், இண்டிகேட்டர் இரண்டையும் போட்டுப் பாருங்கள். பாரம் லைட்டை மறைக்கிறதா என்றும் கேளுங்கள். பின்பலகையில் சிவப்பு ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் ஒட்டுங்கள். பேட்டரி இறங்கினாலும் அது மின்னும். பின்னால் வரும் பைக்கில் இருப்பவர் பெரும்பாலும் நம் ஊர்க்காரர்தான்.