பச்சையாக இருந்தால் இயற்கையா?

முதலில் ஒரு ஒப்புதல் வாக்குமூலம். இரண்டாம் ஆண்டு படிக்கும்போது கல்லூரிப் புகைப்படப் போட்டியில் எனக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. போட்டித் தலைப்பு 'மனிதன் கை படாத இயற்கை'. நான் அனுப்பியது கொடைக்கானல் பைன் காட்டின் படம். காலைப் பனிமூட்டம், வரிசையாக உயர்ந்து நிற்கும் மரங்கள், நடுவில் சாய்வாக விழும் வெளிச்சம். பார்த்தவர்கள் எல்லாம் 'வால்பேப்பர் மாதிரி இருக்குடா' என்றார்கள். நானும் காலரைத் தூக்கி விட்டுக்கொண்டேன்.

மேலே 'வரிசையாக' என்று எழுதியிருக்கிறேனே, கவனித்தீர்களா? அப்போது நான் கவனிக்கவில்லை. பரிசு கொடுத்த நடுவர்களும் கவனிக்கவில்லை :-)

கவனிக்க வைத்தது ஒரு நடைப்பயணம். ஒரு ஜனவரி மாதம் நண்பர்கள் நான்கு பேர், வனத்துறை அனுமதியோடு, உள்ளூர் வழிகாட்டி ஒருவருடன் பழனி மலையின் மேல்பகுதியில் இரண்டு நாள் நடந்தோம். ஓய்வெடுத்த இடத்தில் அந்தப் பரிசுப் படத்தை செல்போனில் அவரிடம் பெருமையாகக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா இது காடு இல்ல, தோட்டம். வரிசை புடிச்சு நட்டது தெரியலையா? எங்கப்பா காலத்துல இந்தப் பக்கமெல்லாம் புல்லுதான்" என்றார்.

அவர் சொன்னது கதையல்ல. மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சிப் பகுதிகளில் இயற்கையாக இருப்பது இரண்டு: திறந்த சரிவுகளில் புல்வெளி, மடிப்புகளிலும் பள்ளங்களிலும் குட்டையான அடர்ந்த சோலைக்காடு. ஆங்கிலேயர் காலத்தில் புல்வெளியைப் பயனற்ற தரிசு என்று கணக்கெழுதினார்கள். விறகுக்கும், தோல் பதனிடும் பட்டைக்கும், பிறகு ஆலைகளின் மரக்கூழுக்கும் என்று ஆஸ்திரேலியாவின் யூகலிப்டஸும் வாட்டிலும், கூடவே பைனும் நடப்பட்டன. சுதந்திரத்துக்குப் பிறகும் இது நிற்கவில்லை. பழனி மலையின் செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு 2018ல் வெளியான ஓர் ஆய்வின்படி, சுமார் 40 ஆண்டுகளில் அங்கிருந்த புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. அந்த இடத்தை எடுத்துக்கொண்டவை இந்த மரத்தோட்டங்களும் விவசாயமும்தான்.

போனால் போகட்டும், புல்தானே என்று விட முடியாது. மழைநீரைப் பிடித்து வைத்து மெதுவாக ஓடைக்கு விடுவது இந்தப் புல்லும் சோலையும் சேர்ந்துதான். பழனி மலை ஓடைகள் ஒருபக்கம் வைகைக்கும் மறுபக்கம் அமராவதிக்கும் போகின்றன. நம் மாநில விலங்கான வரையாடு மேய்வது புல்வெளியில்தான், பைன் காட்டில் அல்ல. 2006லும் 2018லும் கூட்டம் கூட்டமாகப் போய்ப் படம் எடுத்தோமே, அந்தக் குறிஞ்சியும் திறந்த புல்சரிவில் வளரும் செடி. அடுத்து 2030ல் பூக்கும்போது படம் எடுக்கச் சரிவு மிச்சம் இருக்க வேண்டும்.

இதில் கேமராவுக்கு என்ன பங்கு? நிறைய இருக்கிறது என்பதுதான் என் கட்சி.

அந்த இரண்டு நாளில் நான் எடுத்த படங்கள் முந்நூறுக்கு மேல். வீட்டில் வந்து எண்ணிப் பார்த்தால் புல்வெளிப் படம் பதினொன்று. ஜனவரியில் புல் காய்ந்து பழுப்பாக இருக்கும். அதை ஒரு நண்பனிடம் காட்டினால் "என்னடா பொட்டல் காடு" என்கிறான். உடனே நாம் என்ன செய்கிறோம்? கணினியில் பச்சையை ஏற்றுகிறோம், அல்லது அந்தப் படத்தையே தூக்கிப் போடுகிறோம். இப்படி ஆளாளுக்குத் தூக்கிப் போட்டு, மலை என்றால் தேயிலை, பைன், பனிமூட்டம் என்று ஆகிவிட்டது. பழுப்புச் சரிவைப் பார்த்தால் 'ஐயோ பாவம், மரம் நட வேண்டும்' என்று தோன்றுவது இந்தப் படங்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்குத்தான். அப்படிப் போய் நட்டால், காப்பாற்றுவதாக நினைத்து அழிப்போம்.

புல்வெளி அழகாக விழாது என்பதும் உண்மையில்லை. உச்சி வெயிலில் காரை நிறுத்திக் கைப்பிடிச் சுவரிலிருந்து எடுத்தால் தட்டையாகத்தான் இருக்கும். சூரியன் தாழ்ந்திருக்கும்போது பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு கதிரின் விளிம்பும் மின்னும், சரிவின் மேடு பள்ளமெல்லாம் நிழலாக எழுந்து நிற்கும். முழங்கால் போட்டுக் கேமராவைப் புல்லின் உயரத்துக்கு இறக்கினால் வேறு உலகம். அகல லென்ஸ் தூரத்து மலையைச் சுண்டைக்காய் ஆக்கிவிடும். கொஞ்சம் நீள லென்ஸ் போட்டால் முகடுகள் ஒன்றன்பின் ஒன்றாக நீலத்தில் அடுக்கி நிற்கும். ஆனால் இதற்கெல்லாம் அதிகாலையில் அங்கே இருக்க வேண்டும், அதாவது நடக்க வேண்டும். நடப்பவனுக்குத்தான் சரிவு எங்கே முடிந்து சோலை எங்கே தொடங்குகிறது என்று காலில் தெரியும். சோலைக்குள் நுழைந்த நொடியில் குளிரும் ஈரமும் மாறுவதைக் காருக்குள் இருப்பவர் உணர வழியில்லை.

பைன் காட்டைப் படம் எடுக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. எல்லாத் தோட்டங்களையும் நாளைக்கே வெட்டித் தள்ளுங்கள் என்றும் சொல்லவில்லை. பழைய தோட்டங்களின் நிழலில் சோலை மரக்கன்றுகள் தானாக முளைத்து வருவதும் உண்டு. நான் கேட்பது சின்ன விஷயம். தோட்டத்தைத் தோட்டம் என்று எழுதுங்கள். பழுப்பைப் பழுப்பாகவே விடுங்கள். ஒரு மலைக்குப் போனால் அங்கே முன்பு என்ன இருந்தது என்று உள்ளூர்க்காரர் ஒருவரிடம் கேட்டுவிட்டுக் கேமராவை எடுங்கள்.

அந்தப் பரிசுப் படம் இன்னும் என் அறைச் சுவரில் இருக்கிறது. கழற்ற மனம் வரவில்லை, அழகான படம்தானே. கீழே 'மனிதன் கை படாத இயற்கை' என்று இருந்ததை மட்டும் அடித்துவிட்டு, 'பைன் தோட்டம், முன்பு புல்வெளி' என்று பேனாவால் எழுதி வைத்திருக்கிறேன்.