ஐஸ் உடைந்தாலும் பூமி ஆடும்

2021 நவம்பர் 29, விடிகாலை 4.17. வேலூருக்கு மேற்கு தென்மேற்கே 59 கி.மீ. தொலைவில் 3.6 அளவில் நிலநடுக்கம். டிசம்பர் 23-ல் மறுபடியும், அந்தமுறை 3.5. டிவியில் ஒரு நம்பர் ஓடியது. அத்தோடு சரி!

நிலநடுக்கமானி என்றால் ரிக்டர் நம்பர் சொல்லும் பெட்டி என்றுதான் பலருக்கும் நினைப்பு. தோல் ஷாப்பில் டிரம் சுற்றினால்கூடத் தரை அதிரும். பூமி அதிர பூகம்பமேதான் வேண்டும் என்று யார் சொன்னது?

கிரீன்லாந்தில் பனியாறு கடலில் முடிகிற இடத்தில் மலை மாதிரி ஐஸ் உடைகிறது. அகலத்தைவிட உயரம் அதிகம், நேராக மிதக்க முடியாமல் தலைகுப்புறக் கவிழ்கிறது. கவிழும்போது பின்னால் இருக்கும் பனியாற்றுக்கு ஓர் உதை. ஹெல்ஹைம் பனியாற்றில் வைத்த ஜிபிஎஸ் கருவிகள், முன்னால் நகர்ந்துகொண்டிருந்த பனி சில நிமிடம் பின்னால் போனதையே காட்டின (2015-ல் வந்த ஆய்வு). 5 அளவு நிலநடுக்கத்துக்குச் சமமான அதிர்வு! ஆனால் அலை மெதுவாக ஏறி இறங்கும், யாருக்கும் உறைக்காது. வேகமான அலையை மட்டுமே தேடியவர்கள் கோட்டை விட்டார்கள். 2003-ல் எக்ஸ்ட்ராம், நெட்டில்ஸ் குழு பழைய பதிவுகளைத் தோண்டியபோதுதான் அகப்பட்டது.

'அதுக்கும் ஆம்பூருக்கும் என்னங்க சம்பந்தம்?' என்பவர்கள் சமோலியை மறந்துவிட்டார்கள். 2021 பிப்ரவரி 7, ரோன்டி சிகரத்திலிருந்து பாறையும் பனியுமாக சுமார் 2.7 கோடி கன மீட்டர் பெயர்ந்து விழுந்தது. இறந்தவர்கள், காணாமல் போனவர்கள் 200 பேருக்கு மேல். தபோவன் சுரங்கத்தில் வேலை செய்துகொண்டிருந்த கூலிக்காரர்களும் அதில் உண்டு. ஹைதராபாத் தேசிய புவி இயற்பியல் ஆய்வு நிறுவனத்தின் கருவிகள் அந்த அதிர்வைப் பதிந்திருந்தன. வெள்ளம் தபோவன் வந்துசேரப் பத்து நிமிடத்துக்கு மேல் அவகாசம் இருந்தது. சைரன் ஊதத்தான் ஏற்பாடு இல்லை. எச்சரிக்கை சாத்தியம்தான் என்று ஜெர்மன் விஞ்ஞானிகளோடு சேர்ந்து அதே வருஷம் கட்டுரை வெளியிட்டார்கள். உயிர் போன பிறகு...

காமர்ஸ் பாஷையில் சொன்னால், குறிப்பேட்டில் எழுதியாச்சு, இருப்பாய்வு எடுக்க ஆளில்லை.

2015 ஜனவரி கடைசியில் ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுத் தொட்டியின் சுவர் உடைந்தது. தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் சேற்றில் மூழ்கிச் செத்தார்கள். அங்கே குறிப்பேடே கிடையாது. இமயமலைக்குக் கருவி வைக்கிற நாட்டில், கழிவைத் தேக்கும் ஒரு சுவரின் அசைவைப் பார்க்க ஒரு கருவி வைக்க எத்தனை ஜோடி ஷூ விற்க வேண்டும்?